சிரித்தும் தெரியாத முகம்

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாண ஆல்பத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை... இன்னும் அந்தப் படபடப்பு அடங்கவில்லை.

பூமிநாதன் அண்ணன் என் சித்தப்பா மகன். திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் மிளகாய் விவசாயம். இரண்டு வருடமாக அவருக்கு வலது கையில் நடுக்கம். பார்க்கின்சன்ஸ் — அதாவது நடுக்குவாதம் — என்று மதுரையில் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நடுக்கம் ஓரளவு அடங்கியது. விஷயம் அதோடு முடிந்தது என்று குடும்பமே நிம்மதியாகிவிட்டது.

போன வைகாசியில் அவருடைய ஒரே மகள் சுகந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அவளோடு வேலை பார்ப்பவர். அவளே பேசி முடித்தது. வந்து சொன்னதும் அண்ணன் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். ஆனால் மண்டபத்தில்? முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். சம்பந்தி வந்து வணக்கம் சொன்னபோதும் அதே முகம். பெண்ணைப் பெற்றவருக்கு இஷ்டமில்லை போல என்று பந்தியிலேயே பேச்சு கிளம்பிவிட்டது.

அது சுகந்தி காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம்தான் போனில் பேசுவாள். அப்பாவிடம் 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' — அவ்வளவுதான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். “அய்யாவுக்கு என் கல்யாணம் பிடிக்கவே இல்லையா அத்தை?” என்று கேட்டு அழுதாள். அண்ணனிடமே நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

நான் போன அன்றைக்குத்தான் ஆல்பமும் வந்திருந்தது. மதனி அதைப் பிரித்து அண்ணன் மடியில் வைத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், தாலி கட்டும் படத்தில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். முந்தின பக்கத்துக்குப் போனார். மறுபடியும் இதற்கே வந்தார்.

“நான் சிரிச்சேனே...” என்றார்.

மதனிக்கு ஒன்றும் புரியவில்லை.

“இங்கன பாரு. தாலி கட்டயில நான் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். எல்லாப் படத்துலயும் ஏன் இப்படி இருக்கு?”

அதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். உள்ளே ஒரு மனிதர் பூரித்து நிற்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர்... சிடுமூஞ்சி மாமனார்!

அப்புறம்தான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. டீக்கடையில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம். தன் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று நினைத்து, அண்ணன் அங்கே போவதையே நிறுத்திவிட்டார். அவர்களோ, இவர் முறைக்கிறார் என்று ஒதுங்கியிருக்கிறார்கள். மகளும் பேச்சைக் குறைத்ததும் தூக்கம் போயிருக்கிறது. சோறு இறங்கவில்லை.

மதனி காபி போட எழுந்து போன நேரத்தில், கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்: “செத்துப்போயிரலாம்னு தோணுது தங்கச்சி. யார்கிட்டயும் சொல்லலை.”

உடனே மதனியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அண்ணனை நாங்கள் தனியே விடவில்லை. சுகந்திக்கு போன் போட்டு அவர் காதில் வைத்தேன்.

“நான் சிரிச்சேன்த்தா. மூஞ்சிதான் காட்டலை” என்றார்.

மறுநாள் விடிந்ததும் சுகந்தி முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

நாலு பேருமாக மதுரைக்குப் போனோம். இந்த நோயில் முகத் தசையும் இறுகிப்போகுமாம். சிரிப்பதாக அவருக்குத் தோன்றும், வெளியே தெரியாது. மனச்சோர்வும் பலருக்கு வருமாம் — நோயை நினைத்துக் கவலைப்படுவதால் மட்டுமல்ல, மூளையில் நடக்கும் மாற்றத்தாலும். வைத்தியம் உண்டு என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அனுப்பினார் டாக்டர். முகத்துக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் முன்பே ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, “யாரும் கேக்கலையே” என்றார் அண்ணன்.

நிஜம்தானே? வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கை எப்படி இருக்கிறது என்றுதான் விசாரித்தோம். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எப்படி இருக்கிறார் என்று...?

நோய் போய்விடவில்லை. முகமும் பெரிதாக மாறவில்லை. ஆனால் தூங்குகிறார், சாப்பிடுகிறார், டீக்கடைக்கும் போய்வருகிறார். சந்தோஷமோ எரிச்சலோ, எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்பது சுகந்தி போட்டிருக்கும் சட்டம். நேற்று போன் செய்தேன். “காலையில மனசு கனமா இருந்துச்சு. சுகந்திகிட்ட பேசினேன், இப்பத் தேவலை” என்றார்.

எங்கள் ஊர் ஆம்பளை ஒருத்தர் தன் மனசைப் பற்றித் தானாகவே பேசுகிறார் — இந்த அதிர்ச்சியிலிருந்து மட்டும் நான் மீள விரும்பவில்லை!