தெர்மோஸ்டாட் தூது

என் முதல் உத்தியோகம் தூது. அது ஒரு காலைப் பொழுதுகூட நிலைக்கவில்லை.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. மாமா தன் மகனின் காதுகுத்துப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டாராம். எங்கள் மீனாட்சிபுரத்தில் அது சின்னக் குற்றமா? அதிலிருந்து அம்மா, மலைமேல் மறையூரில் இருக்கும் தன் அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. அந்த மார்கழியில் அவள் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்ததால்தான் அப்பா பழைய ஜீப்பை எடுத்தார். ஒரு ராத்திரி தங்குவது, யாரோடும் பேசாமல் விடிந்ததும் கிளம்புவது என்று ஒப்பந்தம்.

விடிந்தது. ஜீப்தான் கிளம்பவில்லை. இஞ்சின் ஓடியது, இருமியது, புகையைக் கக்கியது, இழுக்க மட்டும் மாட்டேன் என்றது. வெல்லம் காய்ச்சும் கொட்டகையிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு வந்த மாமா, சூடு காட்டும் முள் படுத்தே கிடப்பதைப் பார்த்தார். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, தெர்மோஸ்டாட்டைக் கழட்டீட்டாரான்னு உங்கப்பாகிட்டக் கேளு."

நான் மிடுக்காக ஜீப்பைச் சுற்றிப் போய்க் கேட்டேன்.

"நம்மூரு வெயிலுக்கு அதெதுக்குன்னு சொல்லு" என்றார் அப்பா.

"வெயில் வெளியதான அடிக்குது? உள்ள இஞ்சினுக்கு வேண்டிய சூடு வர்ற வரைக்கும் தண்ணியை மறிச்சு நிறுத்தறதுக்குத்தான் அந்த வால்வுன்னு சொல்லு."

"அது மூடுனபடியே சிக்கி இஞ்சின் வெந்து போனா, சின்னார் காட்டுக்குள்ள யானைகிட்டயா தண்ணி கேக்கறதுன்னு கேளு."

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டு போய்ச் சேர்த்தேன். கடைசியில் அப்பா டூல்ஸ் பெட்டியைக் குடைந்து, துணியில் சுற்றி வைத்திருந்த வால்வை என் கையில் கொடுத்தார். நான் மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதை நூலில் கட்டி, கொட்டகை அடுப்பில் சட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். இருவரும் குனிந்து நின்றார்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்ததும் அது மெல்ல வாயைத் திறந்தது.

"தொறந்துருச்சு பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமா.

"தொறக்குது சரீங்க மச்சான். வெளிய எடுங்க, மூடுதான்னு பாக்கலாம்."

நான் வழக்கப்படி மாமா பக்கம் திரும்பி, "மூடுதான்னு அப்பா கேக்கறாரு" என்றேன்.

"அட, சும்மா இரு அம்மிணி" என்றார்கள் இருவரும்.

அது மூடியது. அதற்காக யாரும் தோற்றுவிடவில்லை. இதே வால்வைக் கழட்டிவிட்ட எங்கள் டிராக்டர் ஓடவில்லையா என்று அப்பா கேட்டார். அது குடிக்கிற டீசல் எவ்வளவு என்று மாமா திருப்பிக் கேட்டார். குரல் ஏறிக்கொண்டே போனது. அப்படியே சண்டை போட்டபடி இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டு வால்வை மாட்டத் தொடங்கினார்கள். என்னை ஒருவரும் சீந்தவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ஓடினேன். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவும் மாமாவும் நேராவே சண்டை போடறாங்க."

அம்மாவின் கை நின்றது. "என்ன சொன்னே?"

சொன்னேன்.

"நேராவா? உங்கப்பாவா? மச்சான்னு கூப்பிட்டாரா?" கண்ணெல்லாம் நனைந்திருக்க, சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "இன்னொருக்காச் சொல்லு."

பாவம், அம்மாவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது, இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அவள் காதோரம் போய், சத்தமாக, இன்னொரு தடவை சொன்னேன்.