அடையாள அட்டையில் உள்ளபடி

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் உலகத்தை மாற்றுவார்கள். கீழே மதியக் கூட்டம் கலைந்ததும் மேலே ஏர்கோனைப் போட்டு, நாற்காலிகளை வரிசையாக்கி, சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தை அடிப்பார்கள். வாரம் முழுக்க யாருக்கோ சம்பளத்துக்கு நிரல் எழுதுகிற நம் பிள்ளைகள், வீட்டில் சொந்தமாக எழுதிய செயலிகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் கூட்டம் அது. என் கணவர் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. கூடவே நானும் போவேன். திரும்பும் வழியில் வாரத்துக்குக் காய்கறி வாங்க வேண்டும், கார் அவரிடம் இருக்கும், அவ்வளவுதான் காரணம்.

நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பது என் தொழில். வயதைக் கேட்கும் இடத்தில் பூச்சியம் போடுவேன். தொலைபேசி எண் கேட்கும் இடத்தில் மாமியார் பெயரைப் போடுவேன். ஒரே பொத்தானைச் சனி பிடித்தவள் மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பேன். எழுதுகிறவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவர்களைக் கண்டால் ஆகாது, அதை நான் பெரிதாக மறைத்ததும் இல்லை.

மாடிக் கூட்டத்துக்கு ஒரு சடங்கு உண்டு. முன்னால் வந்து நிற்பவர் முதலில், "சும்மா செஞ்சதுதான்" என்று ஆரம்பிக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளையோடு மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல், கண் சிவக்க உட்கார்ந்து செய்ததைத்தான் சும்மா செய்தது என்பார்கள். அடுத்து, "நம்ம சமுதாயத்துக்கு ஏதாச்சும் செய்யணும்னு ஒரு ஆசை" என்று நெஞ்சில் கை வைப்பார்கள். அப்புறம் சுவரில் காஸ்வே ஜாம் வரும். இந்த ஊரில் நிரல் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை காஸ்வே ஜாமைச் சொல்லும் செயலியைச் செய்தே தீருவார்கள். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அது கணித்துச் சொல்லும். காலையில் நெரிசல், மாலையில் நெரிசல், வெள்ளிக்கிழமை பெரிய நெரிசல். இதைச் சொல்ல எங்கள் வீட்டுப் பூனை போதும். ஆனாலும் கைதட்டுவார்கள். பின்வரிசையில் யாராவது, "பவர் லா!" என்று கத்துவார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. குறை சொல்லக்கூடாது. கூட்டத்தை நடத்துபவர் ஒரு பெரிய நிறுவனத்தில் மேலாளர். எந்நேரமும் கறுப்பு டி-சட்டை, கையில் ஒரு மைக். "இங்க நெகட்டிவ் வேணாங்க. நம்ம ஆளுங்கள நாமளே கீழ இழுத்தா எப்பதான் மேல வர்றது?" என்று ஒவ்வொரு மாதமும் சொல்வார். அதனால் கேள்வி நேரத்தில், எதில் எழுதினீங்க, லோகோ யார் செஞ்சது, ஏஐ எவ்வளவு உதவிச்சு என்பதோடு நின்றுவிடும். இதை யார் எதற்காகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் தேநீர் வேளையில் ஒருமுறை கேட்டேன். அன்று அந்த மைக்காரர் என் கணவரைத் தனியே அழைத்து, எனக்கும் கேட்கும்படியாகவே ஓர் அறிவுரை சொன்னார்.

"வீட்டுக்காரம்மாவ மட்டும் முதல் யூசரா வச்சிடாதீங்க பிரதர். அவங்க சொல்றது மார்க்கெட் இல்ல."

என் கணவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அவருடைய செயலி அர்ச்சனைக்கானது. கோயிலுக்குப் போக முடியாதவர்கள் கைப்பேசியில் பெயரும் நட்சத்திரமும் கொடுத்துப் பணம் கட்டினால், ஐயருக்குத் தகவல் போகும், அவர் அர்ச்சனை செய்வார், அது காணொளியாக வீட்டுக்கு வரும், ரசீதும் வரும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் விடியும் முன்பே எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். திரும்பி வரும்போது முகம் முழுக்கப் புகை அப்பியிருக்கும். மகளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடும். கோயில் இந்தச் செயலியை ஒத்துக்கொண்டால் சிங்கப்பூர் வேலையை விட்டுவிடுவேன் என்று அவர் சொன்னபோது நான் மனதுக்குள் வீட்டுக் கணக்கைப் போட்டேன். எங்கள் வீடு நிற்பது அந்தச் சம்பளத்தில்தான். என் சம்பளம் மளிகைக்கும் காருக்கும் சரியாகப் போய்விடும். ஆனாலும் அவர் பாலத்தில் நிற்காமல் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை அவரைவிட எனக்கு அதிகம். அதனாலேயே அது ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"நான் ஒரு தடவ பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீ பாத்தா அது உயிரோட திரும்பி வராதும்மா. கூட்டாளிங்க எல்லாம் பாத்துட்டாங்க. எல்லாருக்கும் ஸ்மூத்தா போகுது."

கூட்டாளிகள் என்றால் மாடிக் கூட்டத்து ஆட்கள்தான். குறை சொல்வதில்லை என்று விரதம் இருப்பவர்களிடம் கொடுத்துச் சோதித்திருக்கிறார். எனக்கு வந்த எரிச்சலில் அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

அவர் செயலியை மேடையேற்றிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வட்டாரக் கோயிலின் தலைவரை அழைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற அரசாங்கக் குமாஸ்தா. சாஆ என்ற சின்ன ஊரில் பிறந்து இங்கே வந்து வீடு வாங்கியவர். அவர் பெயர் இல்லாத பளிங்குக் கல் அந்தக் கோயிலில் கிடையாது. பாத்திக் சட்டை போட்டு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தன் பெயர் சுவரில் பெரிதாக வரப்போகும் நேரத்துக்காகக் காத்திருந்தார். அவர் தலையசைப்பதில்தான் எங்கள் பிழைப்பு இருக்கிறது என்பதை நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது.

என் கணவர் பேசினார். சும்மா செஞ்சதுதான் என்றார். சமுதாயம் என்றார். பிறகு மைக்காரர் துள்ளிக்கொண்டு வந்து, "தலைவரே, நீங்களே நம்ம முதல் அர்ச்சனையப் போடுங்க!" என்று கைப்பேசியைத் தலைவர் கையில் கொடுத்தார். அதில் தெரிவதெல்லாம் சுவரிலும் தெரிந்தது. முதல் கட்டத்துக்கு மேலே, 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயர்' என்று இருந்தது. ரசீதுக்கு அது வேண்டுமாம்.

இந்த நாட்டில் நம் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். நம் பெயர், பிறகு ஏ/எல், பிறகு அப்பா பெயர். மலாயில் அனாக் லெலாக்கி, அதாவது மகன். பெண்ணாக இருந்தால் ஏ/பி, அனாக் பெரெம்புவான், மகள். தலைவர் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஏ, சாய்கோடு, எல் எல்லாம் சேர்த்துத் தட்டினார். பொத்தானை அழுத்தினார்.

'சரியான பெயரை உள்ளிடவும்' என்று சிவப்பில் வந்தது.

மறுபடி தட்டினார். மறுபடியும் சிவப்பு. பணப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சரியாத்தானப்பா இருக்கு. அறுபது வருசமா இதான் என் பேரு."

பின்னாலிருந்து ஒரு பையன் உதவிக்கு வந்தான். "அங்கிள், அந்த ஏ எல்ல எடுத்துட்டு வெறும் ஸ்பேஸ் விடுங்க. போயிரும்."

"எடுத்துட்டா? அப்ப எங்கப்பா பேரும் என் பேருன்னு ஆயிராது? ஒரே ஆளுக்கு ரெண்டு பேரா?"

சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்கு நொடியில் புரிந்துவிட்டது. பெயரைச் சரிபார்க்கும் அந்த வரியை ஏஐ எழுதிக் கொடுத்திருக்கும். எழுத்தும் இடைவெளியும் தவிர வேறெதுவும் கூடாது என்று அது வைத்திருக்கும். எந்த ஊருக்கோ எழுதுவதுபோல எழுதிவிட்டது, அதைத் திட்டிப் பயனில்லை. சோதித்துப் பார்த்த ஒருவர் கண்ணிலும் இது படவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. எத்தனையோ வருடமாக விமானச் சீட்டு வாங்கும் தளங்களும் வெளிநாட்டு நிறுவனங்களின் பக்கங்களும் நம் சாய்கோட்டைத் துப்பித் துப்பி, அதை விட்டுவிட்டு எழுத நம் விரல்களைப் பழக்கிவிட்டன. அந்த மாடியில் இருந்த ஒவ்வொருவரும் அதற்காக அந்தத் தளங்களை வாயாரத் திட்டியவர்கள்தான். நம் ஆளுக்கு, நம் கோயிலுக்கு, நம் சமுதாயத்துக்கு என்று சொந்தமாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தபோது அதே கதவைக் கொண்டுவந்து மாட்டி, அதே மாதிரி தலையைக் குனிந்து நுழைந்து, ஸ்மூத்தா போகுது என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள். தூ என்று இருந்தது.

தலைவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல முயற்சி தம்பி. கமிட்டியில பேசிட்டு சொல்றோம்" என்று சொல்லிவிட்டு, வடையில் மீதியிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றால் நம் கோயில்களில் ஒரே அர்த்தம்தான். வேண்டாம். கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டுப் போன எவருக்கும் இது தெரியும். ஆனால் மைக்காரர், "கமிட்டி லெவலுக்குப் போயிருச்சுங்க!" என்று கூவினார். கைதட்டல் காதைப் பிளந்தது.

காய்கறிச் சந்தைக்கு முன்னால் காரை நிறுத்தியபோது நான் இறங்கவில்லை.

"அந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டாருங்க. புரியுதா?"

"பேசிட்டு சொல்றேன்னுதான சொன்னாரு? அந்த சாய்கோடு ஒரு வரி மேட்டர். மாத்திருவேன்."

"மாத்துங்க. நானும் உக்காந்து பாக்குறேன். ஆனா வேலைய விடுறத மட்டும் இப்ப..."

அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெள்ளிக்கிழமையே பாஸ்கிட்ட சொல்லிட்டேன்."

சந்தையில் ஒரு பெண் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள், அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. மாடியில் கைதட்டிய அத்தனை கைகளையும் வரிசையாக நிற்கவைத்துப் பிரம்பால் விளாச வேண்டும் போல இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் பாலத்தைத் தாண்டிப் போவார்கள்.

அடுத்த மாதம் முழுக்க அவர் வீட்டில் இருந்தார். முகத்தில் புகை இல்லை. மகளைப் பாலர் பள்ளிக்கு அவரே கொண்டுபோய் விட்டார், அதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மற்ற நேரமெல்லாம் கணினிதான். அந்த ஒரு வரியைத்தான் மாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமல் காப்பி கொண்டுபோய் வைத்தேன். கமிட்டியிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை.

மாதக் கடைசியில் அவரை மறுபடி பேச அழைத்தார்கள். 'விழுந்தேன், எழுந்தேன்' என்று சுவரில் தலைப்புப் போட்டிருந்தது. வேலையை விட்டதைச் சொன்னதும் பெருமூச்சுகள், உடனே பெரிய கைதட்டல். கோயில் பதில் சொல்லாததற்கு அவர் கண்டுபிடித்த காரணத்தையும் சொன்னார்.

"நம்ம பெரியவங்க இன்னும் டிஜிட்டலுக்கு ரெடி ஆகலீங்க. அதான் நான் கத்துக்கிட்ட பாடம்."

தலைகள் ஆடின. பிறகு புதிய பதிப்பைக் காட்டினார். பஞ்சாங்கம் கேட்டால் பதில் சொல்லும் ஏஐ, ஐயர் குரலில் பேசும் ஏஐ, அர்ச்சனை முடிந்ததும் திரை முழுக்கப் பூ கொட்டி மணி அடிக்கும் ஏற்பாடு. மாதம் முழுக்க நான் காப்பி கொண்டுபோய் வைத்தது இதற்குத்தான். சாய்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேள்வி நேரத்தில் முதல்முறையாகக் கையைத் தூக்கினேன். மைக்காரர் முகம் சுண்டியது. "நெகட்டிவ் இல்லீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் கணவரைப் பார்த்துக் கேட்டேன்.

"நம்ம மகளுக்கு ஒரு அர்ச்சனை போடுங்க. பெர்த் சர்ட்டிபிகேட்ல இருக்கிற மாதிரி, முழுப் பேரு."

அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரி ஆதரவு தருகிறாள் என்று நினைத்துவிட்டார். நான் நினைத்ததோ வேறு. எல்லோர் முன்னாலும் சிவப்பு வரட்டும். அவர் பெற்ற பெண்ணின் பெயர் செல்லாது என்று அவர் செய்ததே அவரிடம் சொல்லட்டும். ஒருமுறை வெட்கப்பட்டால் போதும், அந்த வரியை மாற்றுவார், பழைய பாஸுக்கு ஒரு போன்கூடப் போட்டுப் பார்ப்பார். அந்தச் சிவப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேகமாகத் தட்டினார். சுவரில் மகள் பெயர் வந்தது. ஓர் இடைவெளி. அதற்கடுத்து அவர் பெயர் வந்தது. ஏ இல்லை, சாய்கோடு இல்லை, பி இல்லை. யோசிக்கக்கூட இல்லை, விரல்கள் அவை பழகிய வழியிலேயே போய்விட்டன.

பச்சையில் ஒரு சரி விழுந்தது. பூ கொட்டியது, மணி அடித்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "பவர் லா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். என் கணவர் கூட்டத்துக்கு மேலே கழுத்தை நீட்டி என்னைத் தேடினார்.

"பாத்தியா? எப்படிப் போச்சு பாத்தியா?"

"பாத்தேங்க" என்றேன். "நடுவுல மகள்னு ஒண்ணு இருந்துச்சு."

கைதட்டலில் அவருக்குக் கேட்கவில்லை.