டொக்டரின் படகில் குறைந்த எண்ணெய்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், என் கார் நிற்கும் இடத்தில் சிவப்பாக மூன்று சொட்டு எண்ணெய். விரலால் தொட்டு முகர்ந்தேன். கியர் எண்ணெய்தான். என் கார் ஒழுகாது. அப்படியென்றால் நான் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை இங்கே விட்டிருக்கிறார். மேலே போய் மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஆரிலதான் சந்தேகமில்லை?" என்றுவிட்டு அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள். நஸீரைப் பற்றி அவளுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

நானும் நஸீரும் கொச்சிக்கடையில் ஒரே கராஜில் வேலை செய்தவர்கள். நான் ஜெனரேட்டர்களில் கைபழகியவன். அவன் கொம்பனித்தெருவில் மோட்டார்சைக்கிள் திருத்திப் பழகியவன். மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சலை இரண்டாகப் பிரித்துச் சாப்பிடுவோம். மீனின் பெரிய துண்டு யார் பக்கம் போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். பெரும்பாலும் என் பக்கம்தான் வரும். அதற்கும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று நினைப்பேன். என்ன பிறவியோ நான்!

ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர், பருத்தித்துறைக்காரர், முகத்துவாரத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருந்தார். காற்று விழுந்துபோனால் ஓட ஒரு டீசல் எஞ்சின், அதன் பின்னால் பூசணிக்காய் அளவில் ஒரு கியர்பொக்ஸ். முன்கியர் போட்டால் எஞ்சின் கத்தும். படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகரும். அதைச் சரிசெய்தால் படகைப் பராமரிக்கும் வேலையை எங்கள் இருவருக்கும் நிரந்தரமாகத் தருவதாக டொக்டர் சொன்னார். நஸீருக்கு அப்போதுதான் மகள் பிறந்திருந்தாள். இந்த வேலையைத்தான் அவன் மலைபோல நம்பியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை நான் தனியே போய், கருகிப்போன பழைய எண்ணெயை இறக்கி, புதுச் சிவப்பு எண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை மரையில் முறுக்கி இறுக்கி, திரும்பக் கழற்றிப் பார்த்தேன். எண்ணெய் சரியாகக் கோட்டில் நின்றது. சொட்டினால் தெரியட்டும் என்று அடியில் பத்திரிகைத் தாள் விரித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை நஸீர் படகுக்குப் போய் வந்தான். "எண்ணெ கொறவா ஈக்கிது மச்சான். இன்னொரு கேன் வேணும்" என்றான்.

"தாள் நனைஞ்சிருக்கோ?"

"இல்ல, காஞ்சிதான் ஈக்கிது."

ஒழுகவும் இல்லை, எண்ணெயும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய மச்சினன் வான் ஓடுகிறவன். வானின் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு எண்ணெய்தான். நஸீரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே டொக்டரிடம் போய், "அவனைப் படகில ஏத்தாதேங்கோ" என்றேன். டொக்டர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் அவருடைய ஊர்க்காரன்.

கராஜிலும் கதை பரவியது. நஸீர் தன் ஸ்பானர் சாவிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வேலையை விட்டுப் புறப்பட்டபோது, "என்ட மொகத்தப் பாத்து ஒரு வார்த்த கேட்டீந்தா போதும் மச்சான்" என்றான்.

அடுத்த ஞாயிறு டொக்டரும் நானும் படகை வெளியே எடுத்தோம். புறப்படுமுன் கம்பியைப் பழையபடி முறுக்கிப் பார்த்தேன், எண்ணெய் கோட்டில் நின்றது; நஸீர் பயந்து திரும்ப ஊற்றியிருக்கிறான் என்று நினைத்தேன். அலைதடுப்பைத் தாண்டும் முன்பே எஞ்சின் வீரிட்டது, படகு அசையவில்லை. கல்லணைப் பக்கம் ஒதுங்கிய எங்களை ஒரு மீன்பிடி வள்ளம்தான் கயிறு போட்டு இழுத்து வந்தது. கியர்பொக்ஸைப் பிரித்தால் கிளச் பிளேட்டுகள் கரியாய்ப் போயிருந்தன. எண்ணெய் போதாமல் எரிந்த எரிவு.

வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பிளேட்டுகளோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. அதில் ஒரு படம்: அளவுக்கம்பியை முறுக்கக் கூடாது, துளையின் வாயில் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். முறுக்கினால் கம்பி ஆழமாய் இறங்கி, குறைந்த எண்ணெயையும் நிறைந்ததாய்க் காட்டும். மோட்டார்சைக்கிளிலும் அப்படித்தான் பார்ப்பார்கள்; அந்தப் பழக்கத்தில் நஸீர் சும்மா வைத்துப் பார்த்திருக்கிறான். எண்ணெயை யாரும் எடுக்கவில்லை. நான்தான் குறைவாக ஊற்றியிருந்தேன்.

"என்ன தம்பி, என்ன நடந்தது?" என்று டொக்டர் கேட்டார்.

"பிளேட் பழசு டொக்டர்" என்றேன். நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. அதை ஆறு வருடம் செய்தேன். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நஸீரிடம் நாளை போவோம், பெருநாளுக்குப் போவோம் என்று தள்ளிப்போட்டேன். டொக்டர் காலமானார், படகை யாரோ உடைத்து விற்றார்கள். ஒருவழியாகப் போன வருடம் கொம்பனித்தெருவுக்குப் போனேன். அவன் இருந்த லைன் வீடுகள் இல்லை, குழாயடி இல்லை, ஒழுங்கையே இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நின்றது.

வாசல் காவலாளி, "காவத ஹம்பவெண்ட ஓனே?" என்று சிங்களத்தில் கேட்டார். யாரைப் பார்க்க வேண்டுமாம். நஸீர் என்றேன். முழுப் பெயர் கேட்டார். ஒரே பார்சலில் சாப்பிட்டவனின் வாப்பா பெயர்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார். பிறகு தமிழில், "என்ன விஷயத்துக்கு?" என்றார்.

அதை நஸீரிடம் அல்லவா சொல்ல வேண்டும். திரும்பி வந்து பஸ் ஏறினேன்.