செப்டிக் டேங்க் மூடியில் ஒரு தட்டடவு

எங்கள் அடையாறு வீட்டில் இன்றும் செப்டிக் டேங்க்தான். நடனம் கற்ற சிறுவயதில், கொல்லையில் இருந்த அதன் கான்கிரீட் மூடிதான் அக்காவுக்கும் எனக்கும் மேடை. தட்டடவு போட்டால் மிருதங்கம் போலத் 'தொம் தொம்' என்று அதிரும். வேறெங்கு ஆடினாலும் எங்களுக்குத் திருப்தி வராது.

மூன்று வருடங்களுக்கு முன் அக்கா பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, டேங்க் நிறைந்து குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைத்தோம். ஆட்கள் குழாயை இறக்குவதற்குள், "ஒரு தடவை ஆடிப் பார்க்கலாமாடி?" என்று அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள், அறுபத்து நான்கு வயதில்! நானும் சிரித்துக்கொண்டே கையால் தாளம் போட்டேன்.

"யம்மா, அதும்மேல கால வெக்காத!" என்று கத்தினார் லாரிக்காரர். "ஓரமெல்லாம் வெடிச்சிக் கீது, பாக்கல?"

கடப்பாரையால் ஒரு தட்டுத் தட்டினார். பாதி மூடி உள்ளே விழுந்தது. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருடம் நாங்கள் ரசித்தது அந்தப் பள்ளத்தின் சத்தத்தைத்தான்.

புது மூடி போட்டுச் சுற்றிலும் கம்பிவேலி கட்டிவிட்டேன். இப்போதெல்லாம் டேங்க் நிறையும்வரை காத்திருப்பதில்லை. முன்கூட்டியே லாரியை அழைத்து, மூடியையும் பார்க்கச் சொல்கிறேன்.

"புது மூடியில சத்தம் எப்படிடி கேக்கறது?" என்று அக்கா போனில் கேட்பாள்.

"தெரியாதுக்கா. நான் ஏறவே இல்லை."