கட்டுக்கலைச் சரிவில் நின்ற கார்

1934 மார்ச் 14, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, சவரம் செய்து, பால் விடாத தேநீர் குடித்தேன். எட்டு மணிக்கு அரசாங்க மருந்தகத்தைத் திறந்தேன். நண்பகல் வரை காய்ச்சல் மருந்தும் இருமல் மருந்தும் கலந்து கொடுத்தேன். பிறகு அளவுக் கண்ணாடிகளையும் கல்வத்தையும் கழுவி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அலுமாரியில் அதனதன் இடத்தில் வைத்துப் பூட்டினேன். பிற்பகலுக்கு லீவு எடுத்திருந்தேன். ஒரு காரை ஓட வைக்க வேண்டியிருந்தது.

கார் என்னுடையதல்ல. கட்டுக்கலையில் எனக்கு அடுத்த வீட்டில் இருந்த வியாபாரியுடையது. பாக்கும் ஏலமும் வாங்கி விற்பவர். அவர்கள் வழக்கப்படி அவரை அண்ணன் முறையில் நானா என்றும் அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்றும் கூப்பிடுவேன். நான் மருந்து கலப்பவன்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவர் என்னை டொக்டர் என்றே அழைத்தார்.

அவர் வாங்கிய பழைய கார் தை மாதத்தில், ஓடும்போது டக்டக்கென்று தட்டத் தொடங்கியது. எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றார்கள். அதுவரை சைக்கிள் சங்கிலிக்கு மேல் நான் எதையும் கழற்றியதில்லை. ஆனால் காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டியபோது எல்லாம் மருந்து கலக்கும் முறைபோல ஒழுங்காகத் தெரிந்தது. பிரிக்கலாம் என்று சொன்னவன் நான்தான். நானாவுக்கும் ஆசை வந்துவிட்டது.

மாலைகளில் பழகினோம். சுழலும் தண்டில் நீல மை பூசி, பேரிங்கை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். மை ஒட்டிய இடம் மேடு. அங்கே மட்டும் சுரண்டி, மீண்டும் மை பூசி, மீண்டும் சுரண்ட வேண்டும். பேரிங்கின் உட்புறம் ஈயம்போல மென்மையான வெள்ளை உலோகம். சற்று அழுத்தினால் பள்ளம் விழுந்துவிடும். முதலாவதைப் பாழாக்கி வேறு வாங்கினோம். இரண்டாவதில் கை பழகியது. எல்லாவற்றையும் பூட்டி முடிக்கச் செவ்வாய் இரவாகிவிட்டது.

இதற்கிடையில் கம்பளையில் வாழ்க்கைப்பட்டிருந்த நானாவின் ஒரே மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கியது. வெள்ளிக்கிழமை எட்டாம் மாதம் பிறக்கிறது. எட்டாம் மாதத்தில் பயணம் கூடாது என்பது அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் ஒரே வழக்கம். வியாழன் பகலுக்குள் அவள் தாய்வீடு வந்துவிட வேண்டும். ரயில் நெரிசலில் அனுப்பமாட்டோம், வாடகைக் காரிலும் அனுப்பமாட்டோம், வாப்பாவின் கார் வந்தால் போகட்டும், இல்லையேல் இங்கேயே பெறட்டும் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டார்கள். வாங்கப்போகும் காரைப் பற்றி நானா கலியாணப் பந்தலிலேயே பெரிதாகப் பேசியிருந்தார்.

இரண்டு மணிக்கு எஞ்சினின் அடித்தொட்டியில் எண்ணெய் ஊற்றி, முன்பக்கம் கிளப்பும் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். அசையவில்லை. நானா சுற்றினார். கால்வாசி திரும்பி நின்றது.

"இன்னம் கொஞ்சம், இன்னம் கொஞ்சம்டு முறுக்கினீங்க. இப்ப கல்லு மாதிரி ஈக்கி."

"புதுசா பூட்டினால் இறுக்கமாத்தான் இருக்கும் எண்டு புத்தகத்தில கிடக்கு, நானா."

"புத்தகம் கம்பளைக்குப் போகுமா, டொக்டர்?"

ராத்தா வாசலில் நின்றார். "அறைக்கு வெள்ளையடிச்சு கட்டிலும் போட்டாச்சு," என்றார் கணவரிடம். என்னைப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

சரிவில் உருட்டிவிட்டால் எஞ்சின் தானே இளகும் என்றார் நானா. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. காரைச் சரிவின் தலைக்குத் தள்ளக் கடையில் மூட்டை தூக்கும் மூன்று பேரைக் கூப்பிட்டார். அவர்களில் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாட்டு வண்டியா இருந்தா ஒரு பிடி புல்லுல நடந்திருக்கும், மொதலாளி," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

நானா உள்ளே ஏறினார். கிளச்சை மிதித்துக்கொண்டு கியரைப் போட்டார். நான் சக்கரத்தடியிலிருந்த கல்லை எடுத்தேன். கார் உருளத் தொடங்கியது. நான் பக்கத்தில் நடந்தேன். சரிவின் நடுவில் அவர் கிளச்சை விட வேண்டும். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுற்றும்.

"பயப்படாதீங்க," என்றார் அவர், தனக்கே சொல்வதுபோல. "ஒவ்வொரு பேரிங்குக்கும் என்ட கையால எண்ணெய் தடவினேன். புள்ளட தலைக்கு வெக்கிற மாதிரி."

அவர் எண்ணெய் தடவி வைத்தவற்றை எடுத்துப் பூட்டியவன் நான். பூட்டுமுன் ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். கை தானாகவே செய்த வேலை. என் மேசையில் எண்ணெய் என்றால் அழுக்கு.

"கிளச்சை விடாதேங்கோ. பிரேக்கைப் பிடியுங்கோ."

கார் குலுங்கி நின்றது. ஓடிப்போய்க் கல்லை வைத்தேன்.

"என்ன?"

"நீங்கள் தடவின எண்ணெயை எல்லாம் நான் துடைச்சுப்போட்டன்."

நானா கதவைத் திறந்து இறங்கினார். "தொட்டி நெறைய எண்ணெய் ஈக்கிதே."

"அது கீழே கிடக்கு. மேலே ஏற முன்னம் பேரிங் காய்ஞ்சு உருகிப்போகும்."

காரை மேலே தள்ள முடியாது. அங்கேயே நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்து, எண்ணெயைத் தகர டின்னில் இறக்கி, தொட்டியைக் கழற்றினோம். ஹந்தானை மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. முதல் பேரிங் வெள்ளிக் கரண்டிபோலப் பளபளத்தது. குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கைப்பிடியை வலிந்து திருப்பியபோது உரசியது. நகத்தால் தடவினேன். நகம் மாட்டவில்லை. கோடு ஆழமில்லை.

நானா எண்ணெய் தடவினார். பூட்டப் போகையில் என் கை மறுபடியும் துணியைத் தேடியது. அவர் துணியை எடுத்துத் தெருவோரச் சாக்கடைக் கானில் எறிந்தார்.

கடைசி நட்டை முறுக்கும்போது தூறல் விழுந்தது. கைப்பிடி பாரமாகச் சுற்றியது, ஆனால் சுற்றியது. பல தரம் முயன்றபின் எஞ்சின் இருமி, புகைவிட்டு, ஓடியது. ராத்தா தெருவுக்கே வந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னேன்.

"நாளைக்கு போகலாமா?" என்றார் நானா.

"காலையில சொல்லுறன்."

அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் ஓடிய நேரத்தில் பேரிங் அரைபட்டிருந்தால், கம்பளை வழியில் பேராதனை தாண்டுமுன் எஞ்சின் நின்றுவிடும். திரும்பும்போது நின்றால் வழியில் ஒரு கர்ப்பிணி.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் நான் முதலில் செய்தது, தொட்டியின் அடித்திருகைக் கழற்றி, எண்ணெயை மருந்து வடிக்கும் வெள்ளைத் துணியில் வடித்ததுதான். உலோகம் அரைபட்டிருந்தால் துணியில் வெள்ளித் தூள் மினுங்கும். ஒன்றும் இல்லை என்று எழுத ஆசைதான். இரண்டு பொட்டு இருந்தன, கடுகிலும் சிறியவை. துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது இல்லை. அந்த இரண்டும் நேற்று விழுந்த கோட்டின் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

ராத்தா மகளுக்கான தலையணையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"போங்கோ, நானா," என்றேன். "மெதுவாப் போங்கோ." வடித்த எண்ணெயைத் திரும்ப ஊற்றினேன்.