பிள்ளையில்லாமல் சுரந்த பால்

கல்யாணமாகி ஆறு வருடமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. குறுவை நடவின்போது எனக்கு மாதவிலக்கு நின்றது. மார்பில் பால் கசிந்தது. பரிசோதனையில் கர்ப்பமில்லை என்று வந்தும், ஆசையில் நான்கு மாதம் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தலைவலி தாங்காமல் கணவரோடு தஞ்சாவூர் டாக்டரம்மாவிடம் போனபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு பட்டாணி அளவு சுரப்பி இருக்கும்மா. அதுல சின்னக் கட்டி. பால் சுரக்கவைக்கிற ஹார்மோன் அதிகமாகி, மாதவிலக்கை நிறுத்திடுச்சு. மாத்திரையிலேயே சரியாகிடும். அப்புறம் குழந்தைக்கு வாய்ப்பிருக்கு.”

வெளியே வந்ததும் கணவர், “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார்.

“குழந்தை இல்லன்னு நீங்களும் சொல்லிடுவீங்களோன்னு பயந்தேங்க.”

மாத்திரையில் பால் நின்றது, மாதவிலக்கு திரும்பியது. நல்லதுதான். ஆனால் ரவிக்கை நனையாத முதல் நாள் விம்மி அழுதேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்னும் காத்திருக்கிறோம், இப்போது இரண்டு பேருமாக.