அத்தானின் வலது கால் சிலிப்பர்

அத்தானுடைய சிலிப்பர் எப்போதும் வலது காலில்தான் முதலில் தேயும். இடது பக்கம் வாங்கியபடியே கிடக்க, வலது பக்கத்தில் பெருவிரலுக்குக் கீழே ரப்பர் மெலிந்துகொண்டே போய் ஒருநாள் ஓட்டை விழுந்துவிடும். அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாருடா, இந்த மனுசன் ஒத்தக் காலாலயே குடும்பத்த ஓட்டுறாரு” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தச் சிலிப்பரை உடனே கீழே போடமாட்டாள்.

அத்தான் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கும் பெண்களை ஏற்றி ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இறக்க வேண்டும். வேலை முடிந்தவர்களை ஏற்றித் திரும்ப வேண்டும். காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிப்டுக்கும் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். ஈரத் தலையோடு யாராவது ஓடிவந்து, “அண்ணே, ரெண்டு நிமிசம் லா!” என்று கத்துவாள். “நீ பவுடர் போட்டு முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஷிப்டே முடிஞ்சிரும். ஏறு” என்பார். திட்டுவாரே தவிர யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஏறியவர்கள் அடுத்த நிமிடமே சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். ஷிப்டுகளுக்கு இடையில் வீட்டுக்கு வந்து, சோற்றுக் கையைக் கழுவியதும் அப்படியே தரையில் படுத்து எழுந்து போவதுதான் அத்தானின் தூக்கம். முழுசாகத் தூங்கி எழுந்த அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பஸ்ஸின் இடப்பக்கம் முழுதும் கீறலோடு வீடு வந்தார். “மோட்டார்காரன் குறுக்க வந்தான். ஒதுங்கினேன், லோங்காங் கட்டுல ஒரசிருச்சி” என்றார். மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கிச் சாலையோரச் சாக்கடைக் கட்டில் உரசியதாக அவர் சொன்ன கதையை அக்கா நம்பவில்லை. என்னைத் தனியாக அழைத்து, “அவரு வண்டியிலேயே தூங்குறாருன்னு பயமா இருக்குடா. கேட்டா கோபம் வருது. நாப்பது புள்ளைங்க உக்காந்திருக்கிற வண்டி” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியின் கடைசியான ஐந்தாம் படிவத்தை முடித்து அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். எதற்கும் புத்தகத்தில் வழி இருக்கும் என்று நம்பிய வயது. விடுமுறையில் ஒரு தடவையாவது போக வேண்டிய ரயில் பாதைகள் என்று அலுவலகத்தில் கிடந்த சஞ்சிகை ஒன்றில் படித்திருந்தேன். கிம்மாஸிலிருந்து வடக்கே காட்டுக்குள் போகும் பாதைக்குப் பெரிய படம் போட்டிருந்தார்கள். ஆறு, சுரங்கம், குவா மூசாங் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்பு மலைகள். எங்கள் மலாக்கா நகரத்துக்கோ ரயிலே கிடையாது. அத்தான் பிறந்ததிலிருந்து ரயில் ஏறியதில்லை. வேறொருவர் ஓட்டும் வண்டியில் அவரைச் சும்மா உட்கார வைக்க வேண்டும், அந்த மலைகளைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்காவும் சரி என்றாள். அவர் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் சம்மதித்தாள்.

தீபாவளி விடுமுறையில் தொழிற்சாலை மூடியிருந்தது. பக்கத்து ஊரான தம்பினில் ரயில் ஏறி, கிம்மாஸில் வண்டி மாறினோம். அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களையும் பிளாஸ்க்கில் கோப்பியையும் கொண்டுவந்திருந்தாள். வெளியே வெகுநேரம் ரப்பர் மரங்களும் செம்பனையுமாகவே ஓடின. “இத பாக்கவாடா ரயில் ஏறினோம்? பொறந்ததுலேர்ந்து இதத்தானே பாக்குறோம்” என்று அக்கா என்னைச் சீண்டினாள். ஒவ்வொரு வளைவிலும் அத்தானின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டேஷன் தெரிந்தால் கால் முன்பே மிதித்துவிடும். வண்டி நின்ற பிறகு, “லேட்டா புடிக்கிறான் பிரேக்கு” என்பார். “நீங்க போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வாங்க” என்றாள் அக்கா. அன்று முழுதும் அவர் கண் மூடவில்லை. இரவு கோலாலிப்பிஸில் ஒரு மலிவான ஓட்டலில் தங்கினோம். அங்கும் புரண்டுகொண்டேதான் இருந்தாராம்.

மறுநாள் காலை வண்டியில்தான் அது நடந்தது. காடு நெருங்கி, காற்று குளிர்ந்து வந்தது. நான் சஞ்சிகைப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்திருந்தேன். தூரத்தில் முதல் மலை வெள்ளையும் பச்சையுமாக எழுந்தது. “அத்தான், அங்க பாருங்க!” என்று திரும்பினால், அவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வலது கால் முதன்முறையாகத் தளர்ந்து கிடந்தது. சிலிப்பர் கழன்று தள்ளிப் போயிருந்தது. முகத்தில் வெயில் அடித்ததால் அக்கா துவாலையை எடுத்துச் சன்னலை மறைத்துச் செருகினாள். “அக்கா, இதப் பாக்கத்தான் வந்தோம்” என்றேன். “மல எங்கயும் ஓடிப்போயிடாதுடா. அவரு தூங்கட்டும்” என்றாள். துவாலைக்குப் பின்னால் மலைகள் ஒவ்வொன்றாகப் போவது வெளிச்சம் மங்கித் தெளிவதில் மட்டும் தெரிந்தது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபோது துவாலையை விலக்கக் கை வரவில்லை.

ரயில் ஒரு பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறியது. அத்தான் துள்ளி எழுந்தார். வெறும் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. இரண்டு கைகளும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் ஒடித்தன. “ஐயோ, புள்ளைங்க!” என்று அவர் அலறியதில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிரே காய்கறிக் கூடையோடு இருந்த மலாய் அம்மாள் குனிந்து சிலிப்பரை எடுத்து அவர் காலருகே வைத்து, “களைப்பா?” என்று மலாயில் மெதுவாகக் கேட்டாள். அத்தான் தலையாட்டினார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கு மோட்டார்காரன் யாரும் குறுக்க வரலதானே?” என்றாள்.

அவர் சொன்னார்: “கண்ணு மூடுனது எனக்கே தெரியல. ஒரசுன சத்தத்துலதான் முழிச்சேன். கண்ணாடியில பாக்குறேன், பின்னால எல்லாரும் தூங்குதுங்க. ஒருத்திகூட முழிக்கல. அப்படி நம்பித் தூங்குதுங்க.” பிறகு சிலிப்பரை மாட்டிக்கொண்டே, “பஸ்ஸ விட்டுர்றேன்” என்றார். அக்கா சன்னல் துவாலையை உருவி, அவருடைய கழுத்து வியர்வையைத் துடைத்தாள். வெளியே மலைகள் முடிந்து, மறுபடியும் ரப்பர் மரங்கள் வந்திருந்தன.

திரும்பும்போது எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் வந்தோம். அத்தான் டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, வழி நெடுக அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

இப்போது அவர் ஒரு தொழிற்சாலை வாசலில் பகல் நேரக் காவலாளி. சம்பளம் போதாமல் அக்கா ஆயர் குரோவுக்கு வேலைக்குப் போகிறாள். அன்று அவருக்கு இருந்த களைப்பு இன்று அவள் முகத்தில் இருக்கிறது. அந்தப் பயணம் எங்களுக்குச் சுகத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்ல முடியாது. நான் பிறகு இரண்டொரு முறை ரயில் ஏறியிருக்கிறேன்; அந்தப் பாதையில் மட்டும் போகவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டில் தங்கினேன். விடியும் நேரம் வாசலில் இரண்டு தடவை ஹாரன். அக்கா ஈரத் தலையோடு ஓடினாள். அவளுக்கு முன்பே அத்தான் சாலையில் நின்று, பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய தேத்தண்ணியைச் சன்னல் வழியாகப் புது டிரைவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். “நல்லா தூங்கினியா தம்பி?”

“தெனமும் கேக்குறீங்களே அண்ணே, எம் பொண்டாட்டிகூட இவ்ளோ விசாரிக்கமாட்டா லா.”

அத்தான் சிரிக்கவில்லை, அவன் கண்களைக் கூர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஒதுங்கினார். அக்கா அதற்குள் சன்னலில் தலை சாய்த்துவிட்டாள். பஸ் முனையில் திரும்பியபோது, என் பக்கத்தில் நின்றிருந்த அத்தானின் வலது கால் தார்ச்சாலையை அழுத்தியது. பஸ் வளைவைத் தாண்டும்வரை அவர் காலை எடுக்கவில்லை.

உள்ளே போகும்போது வாசலில் அவர் சிலிப்பரைக் கழற்றிவிட்டார். வாங்கி அதிக நாள் ஆகியிருக்காது. வலது பக்கத்தில், பெருவிரலுக்குக் கீழே, ரப்பர் மெலியத் தொடங்கியிருந்தது.